நீக்கியது எதை, ஏன்? ஐந்து அரசுகளின் பாடத்திட்டச் சேவைகள் பற்றிய மதிப்புரை

பள்ளிப் பாடத்திட்டத்தை எழுதுவதும் திருத்துவதும் ஓர் அரசு தன் மக்களுக்குச் செய்யும் சேவை. அந்தச் சேவையைப் பயன்படுத்துகிறவருக்கு அதன் நிறைகுறைகளைச் சொல்லும் உரிமையும் உண்டு. இந்த எண்ணத்தோடு நார்வே, பின்லாந்து, இங்கிலாந்து, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய ஐந்து நாடுகளின் பாடத்திட்டங்களையும், அவை உருவான விதத்தைக் காட்டும் வரைவுகளையும் குழு அறிக்கைகளையும் சில மாதங்களாகப் படித்து வந்தேன். ஆங்கிலத்தில் இல்லாதவற்றை மொழிபெயர்ப்பின் துணையோடு படித்தேன். கணிதம் கற்பிக்கிறவன் என்பதால் ஒவ்வொரு நாட்டிலும் பின்னங்கள் வரும் பகுதியையே சோதனைக்கு எடுத்துக்கொண்டேன். பத்து வயதுப் பிள்ளைக்கு நாளை பின்னம் கற்பிக்க வேண்டிய ஆசிரியருக்கு இந்த ஆவணம் என்ன சொல்கிறது, முந்தைய பதிப்பிலிருந்து எது மாறியது, அதை யார் எந்தக் காரணத்தால் மாற்றினார்கள் என்ற மூன்றையும் ஒவ்வோர் இடத்திலும் தேடினேன்.

மூன்றாவது கேள்விக்கு நான் கூடுதல் எடை கொடுத்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடத்திட்டத் திருத்தக் குழுவில் ஆசிரியர்களின் சார்பில் அமர்ந்திருந்தேன். ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் ஒரு தலைப்பைச் சேர்க்கச் சொன்னார். அவர் சொன்ன காரணங்களும் நியாயமாகவே இருந்தன. எதை நீக்கலாம் என்று கேட்டபோது மட்டும் அறை அமைதியானது. கடைசி வாரத்தில் பக்க எண்ணிக்கை கைமீறிப் போனதால் ஓர் அலகு முழுவதும் ஒரே இரவில் நீக்கப்பட்டது. பயிற்சிக்கு வந்த ஆசிரியர்கள் அதற்கான காரணத்தைக் கேட்டபோது குழுவின் குறிப்பேட்டில் ஒரு வரிகூட இல்லை. என்னிடமும் பதில் இல்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது. அதனால் ஒரு பாடத்திட்டத்தைக் கையில் எடுத்தாலே, அதில் இல்லாதவை ஏன் இல்லை என்று சொல்லியிருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

ஐந்தில் பயன்படுத்த எளிதானது நார்வேயினுடையது. இப்போதைய பாடத்திட்டம் அங்கே 2020இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கான வேலை 2013இல், எதிர்காலப் பள்ளியில் என்ன கற்க வேண்டும் என்று ஆராய அமைக்கப்பட்ட லுட்விக்சன் குழுவோடு தொடங்கியது. அந்தக் குழு 2014இலும் 2015இலும் இரண்டு அறிக்கைகளைத் தந்தது. 2016இல் அரசு தன் கொள்கையை நாடாளுமன்றத்தின் முன் வைத்தது. பாடவாரியான ஆவணங்கள் 2019இல் முடிவாயின. ஏழாண்டுக் காலம் நீண்டதாகத் தோன்றலாம். அந்த ஏழாண்டில் வேலையை எந்த வரிசையில் செய்தார்கள் என்பதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். பாடப்பொருளைப் பட்டியலிடுவதற்கு முன்பே, ஒவ்வொரு பாடத்துக்கும் உயிர்நாடியான கருக்கூறுகள் எவை என்பதைத் தனியே விவாதித்து, பொதுமக்களிடம் பல சுற்றுகளில் கருத்துக் கேட்டு, 2018இல் உறுதி செய்துவிட்டார்கள். கணிதத்துக்கு ஆறு கருக்கூறுகள்: ஆராய்ந்து தீர்வு காணுதல், மாதிரி அமைத்தல், காரணம் காட்டி வாதிடுதல், பல வகையில் உருவகித்து உணர்த்துதல், பொதுமைப்படுத்துதல், இவற்றோடு கணிதத்தின் அறிவுப் பரப்புகள். பின்னர் வந்த ஒவ்வொரு தலைப்பும் இந்த ஆறின்முன் நின்று தன் இடத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. என் குழுவில் இல்லாமல் போன அளவுகோல் இதுதான்.

பின்னத்தைத் தேடினேன். ஐந்தாம் ஆண்டின் இறுதியில் மாணவர் பின்னங்களைப் பல வகையில் உருவகித்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றவும், தம் அன்றாட வாழ்விலிருந்து பின்னக் கணக்குகளைத் தாமே அமைத்துத் தீர்க்கவும் வேண்டும் என்கிறது ஆவணம். ஒரு குறிக்கோளைத் தொட்டால் அது எந்தக் கருக்கூறோடும், பல பாடங்களுக்குப் பொதுவான எந்தக் கருப்பொருளோடும் இணைகிறது என்று தெரிகிறது. ‘ஆராய்தல்’ போன்ற வினைச்சொல்லைத் தொட்டால் அதன் பொருளும், வேறெந்தப் பாடங்களில் அது வருகிறது என்பதும் விரிகின்றன. வினைச்சொற்களுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கும் அரசு ஆவணத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. கற்றல் விளைவுகளில் வரும் ‘அறிதல்’, ‘புரிந்துகொள்ளுதல்’, ‘பாராட்டுதல்’ ஆகியவற்றுக்கு ஆளுக்கொரு பொருள் கொள்ளும் நிலையில் தவித்த எந்த ஆசிரியருக்கும் இதன் அருமை புரியும்.

குறை, குறிக்கோள்களின் அகலத்தில் இருக்கிறது. பின்னக் கணக்குகளைத் தீர்க்க வேண்டும் என்றால் எவ்வளவு கடினமான பின்னங்கள், வெவ்வேறு பகுதி எண்கள் வரலாமா என்பதற்கு விடை இல்லை. பத்தாண்டு அனுபவம் உள்ளவர் அந்த இடைவெளியைச் சுதந்திரம் என்று கொள்வார். முதலாண்டு ஆசிரியர் பாடநூலைப் பார்த்து அதையே பாடத்திட்டமாக்கிக்கொள்வார். ஐந்தாம் ஆண்டுக் கணிதத்திலேயே மாறிகள், நிபந்தனைகள், சுழல்கள் கொண்ட நிரலாக்கமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. நிரலாக்கத்தைத் தாமே ஒருபோதும் கற்காத ஆசிரியர்களுக்கு அந்த ஒற்றை வரி எவ்வளவு பெரிய சுமை என்பதை ஆவணம் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

பின்லாந்தின் சேவையைப் பற்றி ஒரு தவறான செய்தியை முதலில் விலக்க வேண்டும். அந்த நாடு பாடங்களையே ஒழித்துவிட்டது என்று 2015 வாக்கில் உலகெங்கும் செய்திகள் வந்தன. அப்படி எதுவும் நடக்கவில்லை. பல பாடங்களை இணைக்கும் கற்றல் தொகுதி ஒன்றையாவது ஒவ்வொரு மாணவரும் ஆண்டுதோறும் பெற வேண்டும் என்று 2014ஆம் ஆண்டின் தேசிய அடிப்படைப் பாடத்திட்டம் சொன்னது. பாடங்கள் பாடங்களாகவே தொடர்கின்றன.

பின்லாந்திடம் கற்க வேண்டியது வேலையைப் பங்கிட்டுக்கொண்ட முறை. எந்தப் பாடத்துக்கு எத்தனை பாடவேளை என்பதை 2012இல் அரசாணை தீர்மானித்தது. அதன் பிறகே தேசியக் கல்வி முகமை பாடப்பொருளை எழுதத் தொடங்கியது. வரைவுகள் பொதுவெளியில் கருத்துக்கு வைக்கப்பட்டு, 2014 டிசம்பரில் முடிவாயின. அடுத்த ஒன்றரை ஆண்டில் நகராட்சிகளும் பள்ளிகளும் அதன் அடிப்படையில் தமக்கான பாடத்திட்டத்தை எழுதின. 2016 ஆகஸ்டில் முதல் ஆறு வகுப்புகளுக்கும், அதன் பிறகு 2017, 2018, 2019 என ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கும் அது நடைமுறைக்கு வந்தது. பாடவேளைக்கான போட்டியும் பாடப்பொருள் பற்றிய விவாதமும் ஒரே மேசையில் நடந்தால், ஒவ்வொரு பாடத்தின் வல்லுநரும் தம் பட்டியலை நீட்டி அதைக் காட்டியே கூடுதல் நேரம் கேட்பார். நேரத்தை முன்கூட்டியே பூட்டிவிட்டால், அதற்குள் எது அடங்கும் என்று மட்டுமே யோசிக்க முடியும். இதைப் படித்தபோது எங்கள் குழுவின் பாதிச் சண்டைகள் தேவையற்றவையாக இருந்தன என்று தோன்றியது.

உள்ளூரில் முடிவு செய்ய வேண்டியவை எவை என்று தேசிய ஆவணத்தின் இயல்கள் தனியே எடுத்துச் சொல்வதும் நேர்மையான ஏற்பாடு. மேலிடம் எதைத் தன் கையில் வைத்திருக்கிறது, எதை நம் கையில் தந்திருக்கிறது என்பதில் குழப்பமில்லை. ஆனால் என் பின்னச் சோதனையில் இது திணறியது. மூன்று முதல் ஆறு வரையான வகுப்புகளுக்கு ஒரே தொகுப்பாகப் பாடப்பொருள் தரப்பட்டிருப்பதால், பின்னப் பெருக்கல் நான்காம் வகுப்பிலா ஆறாம் வகுப்பிலா என்பதை அறிய உள்ளூர் ஆவணத்துக்குப் போக வேண்டும். ஆசிரியர்களின் நெடிய பயிற்சியை நம்பி அமைந்த ஏற்பாடு இது. அந்தப் பயிற்சி இல்லாத நாடு இதன் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் பிள்ளைகள்தான் பாதிக்கப்படுவார்கள்.

தென்னாப்பிரிக்காவின் அனுபவம் இங்கே பொருந்தும் என்பதால் ஐந்துக்கு வெளியே சற்றுப் போகிறேன். நிறவெறி ஆட்சி முடிந்தபின் அந்த நாடு 1997இல் அறிவித்த ‘பாடத்திட்டம் 2005’ ஓர் உயர்ந்த நோக்கத்தோடு பிறந்தது. அறுபத்தாறு குறிப்பிட்ட விளைவுகளைச் சொல்லி, பாடப்பொருளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் ஆசிரியர்களிடம் விட்டது. நூல்களும் பயிற்சியும் ஏற்கெனவே கிடைத்த பள்ளிகள் சமாளித்தன. பழைய ஆட்சியில் வஞ்சிக்கப்பட்ட பள்ளிகளோ தடுமாறின. அதன் கலைச்சொற்கள் ஆசிரியர்களுக்கே விளங்கவில்லை என்றும் எளிமையாக்க வேண்டும் என்றும் 2000இல் லிண்டா சிஷோம் தலைமையிலான குழு சொன்னது. ஆண்டுவாரியாக எதைக் கற்பிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லும் ஆவணம் 2012இல்தான் வகுப்பறைக்கு வரத் தொடங்கியது. யாருடைய விடுதலைக்காக அந்தப் பாடத்திட்டம் எழுதப்பட்டதோ, அவர்களுடைய பிள்ளைகள்தான் இடைப்பட்ட ஆண்டுகளின் விலையைக் கொடுத்தார்கள் என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் 2013ஆம் ஆண்டு ஆவணம், 2014 செப்டம்பர் முதல் கற்பிக்கப்படுவது, என் முதல் கேள்விக்கு மிகத் தெளிவான பதிலைத் தந்தது. தொடக்கப்பள்ளிக் கணிதம் ஆண்டுவாரியாக இருக்கிறது. ஆறாம் ஆண்டில் வெவ்வேறு பகுதி எண் கொண்ட பின்னங்களைக் கூட்டவும் கழிக்கவும், எளிய தகு பின்னங்களை ஒன்றோடொன்று பெருக்கவும், தகு பின்னத்தை முழு எண்ணால் வகுக்கவும் வேண்டும். நான்காம் ஆண்டு முடிவதற்குள் பன்னிரண்டு வரை வாய்ப்பாடு தெரிந்திருக்க வேண்டும். சட்டப்படி கட்டாயமானவையும் வழிகாட்டுதலுக்கான குறிப்புகளும் பிரித்துக் காட்டப்பட்டிருக்கின்றன. புதிய ஆசிரியர் ஒருவர் இதைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆண்டைத் திட்டமிட்டுவிடலாம். ஆனால் இந்தத் துல்லியம் முதன்மைப் பாடங்களோடு நின்றுவிடுகிறது. ஓவியம், இசை போன்றவற்றுக்கு ஓரிரு பக்கங்களே ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

மாற்றத்தின் காரணத்தைத் தேடினால் படம் வேறாகிறது. 2011இல் தொடங்கிய மறுஆய்வுக்கு டிம் ஓட்ஸ் தலைமையில் நால்வர் கொண்ட வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. அவர்களுள் ஆண்ட்ரூ பொலார்ட், மேரி ஜேம்ஸ் ஆகிய இருவர் அரசு போகும் திசையோடு தங்களுக்கு உள்ள கருத்து வேறுபாட்டை வெளிப்படையாகவே சொன்னார்கள். வல்லுநர் அறிக்கை பொதுவெளியில் இருக்கிறது, இறுதி ஆவணமும் இருக்கிறது. முதலாவதிலிருந்து இரண்டாவது எப்படி வந்தது என்று காட்டும் பாலம் மட்டும் இல்லை. மாணவர் நிலையைக் குறித்த பழைய படிநிலைகளும் அப்போதே கைவிடப்பட்டன. அவற்றின் இடத்தில் என்ன வைப்பது என்பது ஒவ்வொரு பள்ளியின் பொறுப்பாக விடப்பட்டது. அரசு நிதியில், ஆனால் உள்ளூர் நிர்வாகத்துக்கு வெளியே இயங்கும் அகாடமி எனப்படும் பள்ளிகளுக்கோ அந்தப் பாடத்திட்டமே சட்டப்படி கட்டாயமாக இருக்கவில்லை. தேசியப் பாடத்திட்டம் என்ற பெயருக்கும் அதன் சட்ட எல்லைக்கும் இவ்வளவு தூரம் இருப்பது சேவையின் அடிப்படைக் குறை.

இந்தக் குறைக்கு வேர் பழையது. 1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் அங்கே முதன்முதலாகத் தேசியப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு பாடத்தையும் ஒவ்வொரு குழு தனித்தனியாக எழுதியது. ஒரு பிள்ளை அத்தனை பாடங்களையும் ஒரே வாரத்தில் படிக்க வேண்டும் என்பதை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தவர் யாரும் இல்லை. சுமை தாங்காமல், 1993இல் ஆசிரியர்கள் தேர்வுகளைப் புறக்கணித்தார்கள். பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்யும் பொறுப்பு ரான் டியரிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் உள்ளடக்கத்தைக் குறைத்ததோடு ஐந்தாண்டுகளுக்கு மாற்றம் வேண்டாம் என்றும் பரிந்துரைத்தார். அந்த ஐந்தாண்டு அமைதியை, பாடத்திட்டச் சீர்திருத்த வரலாற்றில் ஓர் அரசு ஆசிரியர்களுக்குத் தந்த அரிய பரிசுகளுள் ஒன்றாகவே கருதுகிறேன். எதிர்ப்பக்கமும் அந்த நாட்டிலேயே உண்டு. 2011இல் தொடங்கவிருந்த புதிய தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம், 2010 பொதுத்தேர்தலுக்கு முன் சட்ட முன்வரைவிலிருந்து கைவிடப்பட்டு, வகுப்பறையைக் காணாமலே மறைந்தது. அதற்காகத் தயாராகிக்கொண்டிருந்த பள்ளிகளின் உழைப்பு எந்தக் கணக்கிலும் வரவில்லை.

காலத்தைக் கையாள்வதில் ஐந்து நாடுகளுள் ஜப்பானையே முதலிடத்தில் வைப்பேன். அங்கே ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை பாடத்திட்டம் திருத்தப்படுகிறது: 1977, 1989, 1998, 2008, 2017. அமைச்சர் 2014 நவம்பரில் மத்தியக் கல்விக் குழுவிடம் ஆலோசனை கேட்டார். 2016 டிசம்பரில் குழு அறிக்கை தந்தது. 2017 மார்ச்சில் பாடத்திட்டம் அறிவிக்கப்பட்டது. தொடக்கப்பள்ளிகளில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2020 ஏப்ரலில். அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடைப்பட்ட மூன்றாண்டு வீணான தாமதம் இல்லை. பதிப்பகங்கள் பாடநூல்களை எழுதுவதற்கும், அமைச்சகம் அவற்றைச் சரிபார்த்து ஒப்புதல் தருவதற்கும், உள்ளூர்க் கல்வி வாரியங்கள் அவற்றிலிருந்து தேர்ந்தெடுப்பதற்கும் அந்தக் காலம் தேவைப்படுகிறது. பாடத்திட்டம் வந்த பிறகு பாடநூல், பாடநூல் வந்த பிறகு வகுப்பு என்ற இயல்பான வரிசையை அவசரத்தில் குலைக்காத நாடுகள் எவ்வளவு குறைவு என்பது இந்தத் துறையில் உழைத்தவர்களுக்குத் தெரியும்.

என் சோதனைக்கு மிகச் சிறந்த பதிலும் இங்கேதான் கிடைத்தது. சட்டத் தகுதி உள்ள பாடத்திட்டம் சுருக்கமானது. அதோடு அமைச்சகமே ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு விரிவான விளக்க நூலை வெளியிடுகிறது. பின்னத்தை முழு எண்ணால் பெருக்குவதும் வகுப்பதும் 2017 திருத்தத்தில் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு நகர்த்தப்பட்டன. அதனால் பின்னத்தைப் பின்னத்தால் பெருக்குவதும் வகுப்பதும் அவற்றோடு ஒரே ஆண்டில் சேர்கின்றன. ஆறாம் வகுப்பிலிருந்த ‘வேகம்’ என்ற தலைப்பு ஐந்தாம் வகுப்புக்கு இறங்கியது. இடைநிலைப் பள்ளியிலிருந்த, தரவுகளின் நடு மதிப்பைக் குறிக்கும் இடைநிலை அளவும், மிகுதியாக வரும் மதிப்பைக் குறிக்கும் முகடும் ஆறாம் வகுப்புக்கு வந்தன. எது எங்கே நகர்ந்தது என்பது தெரிகிறது. எந்தக் கருத்து எதன்மேல் கட்டப்படுகிறது என்ற விளக்கமும் உடன் இருக்கிறது. ஒரு பாடத்தை நடத்திவிட்டு இந்த நூலைத் திறந்தால், மூத்த ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து பேசுவது போலிருக்கிறது.

இத்தனை ஒழுங்குள்ள ஏற்பாடும் தடுமாறியதுண்டு. 1998ஆம் ஆண்டின் திருத்தம் பாடப்பொருளைச் சுமார் முப்பது விழுக்காடு குறைத்தது. அது 2002இல், ஐந்து நாள் பள்ளி வாரத்தோடு சேர்ந்தே நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளுக்கு மூச்சுவிட இடம் தருவதே நோக்கம். பதினைந்து வயது மாணவர்களுக்கான பன்னாட்டுத் தேர்வான பீசாவின் 2003ஆம் ஆண்டு முடிவுகள் 2004 டிசம்பரில் வெளியானபோது எழுந்த கூக்குரலில் அந்த நோக்கமே குற்றமாகப் பேசப்பட்டது. 2008 திருத்தத்தில் பாடவேளைகள் மீண்டும் கூடின. ஏறத்தாழ ஓராண்டு மட்டுமே அந்தப் பாடத்திட்டத்தில் படித்திருந்த மாணவர்களின் மதிப்பெண்ணைக் கொண்டு அதை எடைபோட்டது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. குறைத்ததற்கான காரணங்களை வல்லுநர்களுக்குச் சொன்ன அளவுக்குப் பெற்றோருக்குச் சொல்லியிருந்தால் அந்த விவாதம் இவ்வளவு கசந்திருக்காது என்பது என் கணிப்பு.

பெற்றோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று சொல்லத்தக்கது ஆஸ்திரேலியாவின் சேவை. மாநிலங்களின் கையில் பள்ளிக் கல்வி இருக்கும் கூட்டாட்சி நாடு அது. 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய அமைப்பு ஒன்று பாடத்திட்டத்தை எழுதுகிறது. ஒன்பதாம் பதிப்பின் வரைவு 2021 ஏப்ரல் இறுதி முதல் ஜூலை தொடக்கம் வரை பத்து வாரங்கள் கருத்துக்காகத் திறந்திருந்தது. மத்திய, மாநிலக் கல்வி அமைச்சர்கள் 2022 ஏப்ரலில் அதை ஏற்றார்கள். பாடப்பொருள் ஏறத்தாழ 21 விழுக்காடு குறைந்தது. ஒவ்வொரு பாடத்திலும் இந்தப் பதிப்பில் என்ன மாறியது என்று சொல்லும் பகுதி இருக்கிறது. ஒவ்வொரு பாடப்பொருளுக்கும் கீழே விளக்க எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. மாற்றத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. இருப்பினும் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா போன்ற மாநிலங்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் தமக்கென ஆவணம் எழுதுவதால், அங்குள்ள பெற்றோர் தேசிய ஆவணத்தைப் படித்துவிட்டுப் பள்ளிக்குப் போனால் வேறொன்றைச் சந்திப்பார்கள். இந்த எச்சரிக்கை முகப்பிலேயே பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

இவற்றுள் எதை யாருக்குப் பரிந்துரைப்பேன்? பணிக்குப் புதியவருக்கு இங்கிலாந்தின் ஆண்டுவரிசையையும் ஜப்பானின் விளக்க நூலையும் சேர்த்துக் கொடுப்பேன். ஒன்று எப்போது என்று சொல்லும், மற்றொன்று ஏன் என்று சொல்லும். பாடத்திட்டம் எழுதும் குழுவில் அமரப்போகிறவர், முதல் கூட்டத்துக்கு முன்பே நார்வேயின் கருக்கூறு விவாதத்தையும் பின்லாந்தின் பாடவேளை ஆணையையும் படித்துவிட வேண்டும். பிள்ளை என்ன படிக்கிறது என்று அறிய விரும்பும் பெற்றோருக்கு ஆஸ்திரேலியாவின் வடிவம் உகந்தது. ஐந்திலுமே, சேர்த்தவற்றுக்கு எழுதப்பட்ட நியாயம் நீக்கியவற்றுக்கு எழுதப்படவில்லை. ஜப்பான் மட்டுமே அதற்கு ஓரளவு அருகில் வருகிறது.

இங்கிலாந்தில் பெக்கி பிரான்சிஸ் தலைமையிலான மறுஆய்வு தன் இறுதி அறிக்கையை 2025 நவம்பரில் தந்திருக்கிறது. திருத்திய பாடத்திட்டத்தை 2027 வசந்த காலத்துக்குள் வெளியிட்டு, 2028 செப்டம்பரில் கற்பிக்கத் தொடங்குவதாக அரசு சொல்லியிருக்கிறது. அது வெளிவரும் நாளில் ஆறாம் ஆண்டுப் பின்னப் பகுதியைத் திறந்து, இப்போதைய ஆவணத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, விடுபட்ட ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு காரணம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு இந்த மதிப்புரையைத் திருத்தி எழுதுவேன்.